யானைத் தலை ஊதிய காற்று

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. மகள் வாங்கிக் கொடுத்த நோட்டில் மூன்று முறை முதல் வரியை எழுதி, மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஆனால் எழுத்துப் பிழைக்குப் பயந்து கிழிக்கவில்லை. படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்றுதான். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து விளக்கேற்றுகிற ஒரு குடும்பத்துப் பெண், வீடியோ கேமில் அடித்த காற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இன்னொரு காரணமும் உண்டு. இதில் வருகிறவர் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. இன்றைக்கும் நல்லது கெட்டதுக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேலும் மூடியிருந்தால் சாமிக்கு முன்னால் பொய்யாக நிற்பதுபோல இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். செல்லூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. முன்பக்கம் நான்கு விசைத்தறிகள், பின்பக்கம் இரண்டே அறைகள். அந்த இரண்டு அறையில் இரண்டு குடும்பம். மாமனார் தறிக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். காலை முதல் பொழுது சாய்கிற வரைக்கும் தறிச் சத்தம். வெளியாள் யாராவது வந்தால் பேசுவது கேட்காமல் கத்துவார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் காது அடைத்த மாதிரி இருக்கும். சத்தத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. பஞ்சுதான். துணி மேல், சோற்றுப் பானை மேல், சாமி படத்து மாலை மேல் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. அவள் நெஞ்சுக்குள்ளும் அது போய்ப் படிந்ததோ என்னவோ, விடியற்காலையில் மூச்சு இழுக்கும். தொண்டைக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதுகைத் தடவியபடி கந்தனைக் கூப்பிடுவேன். டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: “பஞ்சு இல்லாத எடத்துல வைங்கம்மா.”

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தாவணி மாதிரி சேலையை இழுத்துச் செருகுகிற பழக்கம். யாரும் பார்க்கும் முன் சரி பண்ணி விடுகிறவர் அக்காதான். குழந்தைக்கு மூச்சு இழுக்கிறபோது வெந்நீர் போட்டுக்கொண்டு முதலில் எழுந்து வருகிறவரும் அவர்தான். இதை எழுதாமல் விட்டால் இனிமேல் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

அக்காவின் தம்பி சிங்கப்பூரில் இருந்தார். ஒரு லீவில் வந்தபோது அக்கா மகனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். வந்த ஒரு மாதமும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு, பையன் பள்ளிக்கூடம் போனதும், மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிடுவார்.

“ஏத்தா, பாத்திரம் எங்கயும் ஓடிப் போகாது. வா, ரெண்டு ஆட்டம் போடுவோம்.”

ஆட்டம் இதுதான். ஆகாயத்தில் தொங்குகிற ஒரு திட்டு. அதன்மேல் இரண்டு பொம்மைகள். ஒன்றை ஒன்று அடித்துக் கீழே தள்ள வேண்டும். அடி விழ விழ, கீழே ஒரு எண் ஏறும். எண் ஏற ஏறப் பொம்மை அதிக தூரம் பறக்கும். திட்டை விட்டு விழுந்தால் தோற்றது. அக்கா எப்போதும் ஒரு குரங்குப் பொம்மையை எடுப்பார். நான் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண்பிள்ளையை எடுப்பேன். பச்சை நம் அம்மனுக்கு உரிய நிறம் அல்லவா? அவளுக்குக் கையில் ஒரு விசிறியும் உண்டு. வீசினால் எதிராளிக்கு அடியே படாது, எண்ணும் ஏறாது. ஆனால் ஆளை அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஓரத்தில் நிற்கிற குரங்கைப் பார்த்து நான் விசிறியை வீசினால் அக்கா கத்துவார்.

“அடிச்சுத் தள்ளு புள்ள, அடிக்காம ஊதித் தள்ளுறியே, இதெல்லாம் ஒரு சண்டையா!”

“அடிச்சா பாவம்க்கா. காத்துக்கு என்ன பாவம்?”

“பேசுறது மட்டும் வக்கீல் மாதிரி.”

அந்தத் திட்டுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் பின்னால் பெரிய கல் யானைத் தலை ஒன்று இருக்கும். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது நினைத்த நேரத்தில் தும்பிக்கையைத் தூக்கி ஊதும். திட்டில் நிற்கிறவர்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் பொறுத்து, ஊதிய காற்றையெல்லாம் உள்ளே இழுக்கும். அப்போது அதை நோக்கிச் சறுக்குவார்கள். எங்கேயோ வெளிநாட்டில் செய்த ஆட்டம்தான். எனக்கு மட்டும் அது பிள்ளையாராகவே தெரிந்தது. அந்தத் திட்டு வந்தால் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுத்தான் ஆடுவேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

இப்படி இருக்கும்போது மாமனாருக்குத் தெரிந்த ஒருவர், பழங்காநத்தத்தில் தன் வீட்டு மாடி காலியாகிறது, உங்கள் பிள்ளைகளில் ஒருவர் வந்து இருக்கட்டும் என்று சொன்னார். தறி கிடையாது, நல்ல ஜன்னல், மொட்டை மாடி. இரண்டு குடும்பத்தில் ஒன்று போகலாம், ஒன்று இங்கே மாமனாரோடு இருக்க வேண்டும். அக்கா மகனை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தான். எனக்கோ மகளின் மூச்சு. கேட்டால் அக்கா விட்டுக்கொடுப்பார் என்று தோன்றும். உடனே, மூத்தவரிடம் போய் எப்படி வாய்விட்டுக் கேட்பது என்றும் தோன்றும். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் இரண்டு பேரும் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் மாமனார் பொறுமை இழந்தார்.

“பொம்பளைக நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. சாயங்காலம் அவரு வாரேன்னு சொல்லிருக்காரு. யாருன்னு நான் சொல்லணும்ல?”

எங்கள் வீட்டில் இப்படி இழுபறி வந்தால் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அது சாமியின் வாக்கு. அதற்குப் பிறகு யாரும் மறு பேச்சுப் பேசியது இல்லை. என் கல்யாணமே அப்படி முடிவானதுதான். ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்குத் தூரம். கோயிலுக்கும் போக முடியாது, பூவையும் தொட முடியாது. சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

“நீ இல்லாம நான் மட்டும் போயிப் பூக்கட்டுனா நல்லாருக்காது” என்றார் அக்கா.

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்ததைச் சொன்னது என் வாய்தான்.

“அப்ப யானைத் தலைகிட்டயே கேப்போம்க்கா. ரெண்டு பேரும் அடிக்க வேணாம். சும்மா நிப்போம். பிள்ளையாரு காத்து யாரத் தள்ளுதோ அவுக இங்க இருக்கட்டும்.”

அக்கா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பிறகு சிரித்தார்.

“ரிமோட்டுக்குத் தீட்டு உண்டுன்னு எந்தச் சாஸ்திரத்துலயும் இல்ல. சரி ஆத்தா, ஒன் இஷ்டம்.”

நான் தொடக்கூடாது என்பதால் அக்காவே ஒரு தட்டில் சூடம் வைத்து டி.வி.க்கு முன்னால் ஏற்றினார். நான் தள்ளி நின்று கும்பிட்டேன். மகளின் மூச்சை நினைத்து, பிள்ளையாரப்பா, நீயே பார்த்துச் சொல்லு, நீ எதைச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று வேண்டினேன். பச்சைப் பாவாடைப் பெண்ணை எடுத்தேன். அக்கா குரங்கைத் தாண்டிப் போய், பாறையால் செய்த மாதிரி இருக்கிற ஒரு குண்டன் பொம்மையில் நிறுத்தினார்.

“என்னக்கா, இன்னைக்கு ஒங்க கொரங்க விட்டுட்டீக?”

“சாமி காரியத்துல கொரங்குச் சேட்டை எதுக்கு? குண்டனே போதும்.”

மூன்று ஆட்டம் என்று பேச்சு. இரண்டு பொம்மையும் நடுத் திட்டில் நின்றன. தும்பிக்கை தூக்கியது. ஊதியது. என் பச்சைப் பெண் நின்ற வாக்கிலேயே சறுக்கினாள். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. தொட்டால் சாமியை ஏமாற்றுவதாகும் என்று ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். அக்கா ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அவருடைய குண்டன் மண்டி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பொம்மைகூடப் பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிடுகிறதே என்று எனக்கு மெய் சிலிர்த்தது. என் பெண் ஓரத்துக்குப் போய் விழுந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் ஊதல் பாதிதான் தள்ளியது, பிழைத்தேன் என்று நினைத்தேன். உடனே தும்பிக்கை உள்ளே இழுத்தது. அவள் இந்தப் பக்கமாகச் சறுக்கி வந்து, உட்கார்ந்திருந்த குண்டனையும் தாண்டிப் போய் இருட்டுக்குள் விழுந்தாள். மூன்றாவது ஆட்டத்துக்கு வேலை இல்லாமல் போனது.

கீழே என் எண் பூஜ்யமாகவே நின்றது. ஒரு அடி படவில்லை. ஒரு கீறல் இல்லை.

“சாமி சொல்லிருச்சு” என்றேன். அக்கா சூடத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் மாமனாரிடம், “சாமிகிட்ட கேட்டுட்டோம் மாமா, எங்களுக்குத்தான் வந்துச்சு” என்றார். சாமான் ஏற்றிய அன்று என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். கேம் பெட்டியும் அவர்களோடு போனது.

பிறகு எட்டு வருஷம். டாக்டர், மாத்திரை, வாயில் வைத்து அழுத்துகிற பம்ப். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் என் மகள் மரத்தடியில் மற்றவர்கள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒவ்வொரு வெள்ளியும் திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றி வந்தேன். என் கணவர் இரண்டு தடவை வேறு வீடு பார்த்துவிட்டு வந்தார்.

“ஏ புள்ள, போயிருவோம். நான் சைக்கிள்ல வந்து தறியப் பாத்துக்கிறேன். பிள்ள படுற பாட்டப் பாக்க முடியல.”

“சாமி இங்க இருன்னு சொல்லிருச்சு. அத மீறி எங்கிட்டுப் போறது? மீறுனா பிள்ளைக்குத்தான் ஆகாது.”

“எந்தச் சாமி? டி.வி. சாமியா?”

அதற்கு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் பிறகு வீட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை. பிள்ளைக்குத் திறந்த கதவை இரண்டு தடவை சாத்தியது நான். சாமி பெயரால் சாத்தினேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. காணும் பொங்கலுக்குப் பழங்காநத்தம் போயிருந்தோம். அக்கா மகன் வெளியூரில் படிக்கப் போய்விட்டான். பரணில் கிடந்த கேம் பெட்டியை மகள் இறக்கி, தூசி தட்டி, மாட்டினாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். யானைத் தலைத் திட்டு வந்தது. என்னை அறியாமல் கை கும்பிடப் போனது.

“அம்மா, இதுல அந்தப் பச்சப் பொண்ண மட்டும் எடுக்கக் கூடாதும்மா.”

“ஏன்டி?”

“அவ வெயிட்டே இல்ல. பஞ்சு மாதிரி. லேசா ஊதுனாலே போயிருவா. இந்தக் குண்டன எடுத்தா காத்து அசைக்கக்கூட முடியாது. அதுலயும் கீழ் பட்டன அமுக்கி உக்கார வச்சுட்டா, அம்புட்டுத்தான், ஒக்காந்த எடத்துலயே இருப்பான்.”

கறிவேப்பிலைத் தட்டைக் கீழே வைத்தேன். “எங்க, போட்டுக் காட்டு” என்றேன்.

போட்டுக் காட்டினாள். அடிக்காமல் இரண்டையும் நிறுத்தினாள். பச்சைப் பெண் விழுந்தாள். மறுபடி போடச் சொன்னேன். விழுந்தாள். “இன்னொரு தடவையாம்மா?” என்று மகள் சிரித்தாள். ஆறு தடவை. ஆறு தடவையும் அவள்தான் விழுந்தாள். குண்டன் மண்டி போட்டு உட்கார்ந்தே இருந்தான். கும்பிட்டுக்கொண்டு இருக்கவில்லை. ஒரு விரல் அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டு இருந்தது. அவ்வளவுதான்.

“எப்படிடி ஒனக்குத் தெரியும் இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“ஆடுனா தெரியாதா? பெரியம்மாவ கேளு, அவுக தம்பி மாமா அப்பவே எல்லாம் சொல்லிக் குடுத்துருப்பாருல்ல.”

அடுப்படிக்குப் போனேன். அக்கா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். அதுவரை நான் அவரை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

“குண்டன காத்து தள்ளாதுன்னு ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

கத்தி நிற்கவில்லை. இரண்டு துண்டு விழுந்தது. மூன்றாவது துண்டில் நின்றது. என்ன குண்டன், என்ன காத்து என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“எம்புட்டு வருசம் ஆச்சு, இப்ப எதுக்கு அது?”

“தெரியுமா தெரியாதா?”

“நான் ஒன்ன ஒரு அடி அடிச்சேனா? நீதான காத்தக் கேட்ட. நானா கேட்டேன்?”

“சூடம் ஏத்துனியேக்கா. ஒன் கையால ஏத்துனியே.”

அக்கா தலை நிமிரவில்லை. “எனக்கும் பிள்ளை இருந்தான். ரெண்டு பஸ் மாறி தூங்கி விழுந்துக்கிட்டு வருவான். நீ ஒரு வார்த்தை, அக்கா எம்பிள்ளைக்கு மூச்சு முட்டுது, வீட்ட எனக்குக் குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். நீ சாமிய நடுவுல இழுத்த. சாமின்னு சொன்னதும் எனக்கு…” என்று நிறுத்திவிட்டு, “வாழக்கா கறுக்குது. எண்ணெய வை” என்றார்.

நான் எண்ணெய் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை. பஜ்ஜி போட்டோம். எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியாத ஒன்று இது. கொடுத்திருப்பார் என்று நம்பினால் என் எட்டு வருஷம் நான் வாய் திறந்து கேட்காததால் போனது. மாட்டார் என்று நம்பினால், சேலையைச் சரி பண்ணிவிட்ட அந்தக் கை முதல் நாளிலிருந்தே பொய். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் தூங்கினாள். அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணவரிடம் சொன்னேன். “வேற வீடு பாருங்க.”

“சாமி உத்தரவு?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பயந்துகொண்டுதான் கேட்டார்.

“கேக்கல. கேக்கவும் மாட்டேன். போவோம்.”

தை முடிவதற்குள் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். மாமனாரையும் கூட்டிக்கொண்டோம். மகளுக்கு மூச்சு நிறையச் சரியானது. முழுசாக ஆகவில்லை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, “சின்னதுலயே மாத்திருக்கணும்மா” என்றார். இன்றைக்கும் அவள் கைப்பையில் அந்தப் பம்ப் இருக்கிறது. அவள் அதை எடுத்து அழுத்துகிற ‘புஸ்’ என்ற சத்தம் கேட்டால் எனக்கு அந்தத் தும்பிக்கை தூக்குவது கண்ணில் தெரியும்.

சாமியிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. புது வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி மன்னிப்புத்தான் கேட்டேன். யாரோ செய்த ஒரு ஆட்டத்து யானைக்கு உன் பெயரை வைத்தேனே, உன்னைக் கேட்காமல் உன் வாக்கு என்று சொல்லித் திரிந்தேனே என்று அழுதேன். அதன் பிறகு பூக்கட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். வேண்டிய இடத்தில் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

அக்காவிடம் மட்டும் எனக்கு ஒன்று ஆறவில்லை. விசேஷங்களில் பார்க்கிறோம், பேசுகிறோம். குங்குமம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பூஜை முடிந்து அவர் சூடத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராக வரும்போது, என்னிடம் வந்ததும் என் கை எழுவதில்லை. அவரும் நிற்பதில்லை. தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இதைப் படித்துவிட்டு யாரிடமாவது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று அக்காவை ராட்சசி ஆக்காதீர்கள். வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தவரும் அவர்தான். என்மேல் இரக்கப்பட்டு, காற்றைக் கேட்டது நான்தான் என்பதை மறைத்துவிடாதீர்கள். அந்தச் சூடத்தை ஏற்றிய கை யாருடையது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.